சிமெண்டு பூசுமுன் கேளுங்கள்

வீடு நம்முடையது, காசும் நம்முடையது. வெளிச்சுவரைப் பூச யாரைக் கேட்க வேண்டும் என்கிறீர்களா? பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உங்கள் மாமாவோ பெரியப்பாவோ பழைய வீட்டில் இருந்தால், இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஜோர்ஜ்டவுனில் அந்த எல்லை சுமார் 259 ஹெக்டேர். லிட்டில் இந்தியாவும் அதற்குள்தான். அங்கே வெளித்தோற்றத்தில் கைவைக்குமுன் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். திட்ட அனுமதியின்றி வேலை செய்தால், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

அபராதம் இருக்கட்டும், சுவரைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றோடு போய்விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. மேலும் மேலும் ஏறும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாய் உதிரும். பிறகு சிமெண்டைப் பெயர்த்தாலோ, செங்கல்லின் தோலும் கூடவே வரும். வழவழப்புதான் அழகு என்று நமக்கு யார் சொன்னார்களோ!

"இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன்" என்பார் கொத்தனார். முடிப்பார், கூலியை வாங்கிக்கொண்டு போவார். நோட்டீசு வருவது வீட்டுக்காரர் பெயருக்கு.

வேலை தொடங்கிவிட்டதா? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சுவரைப் படம் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போங்கள். சிறு பழுதானாலும் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தபின் கொத்தனாரிடம் முதலில் கூலி பேசாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரியுமா என்று கேளுங்கள்.