நீலம் பாரித்த பெண்ட் பைப்

எங்கள் வீட்டுப் புல்லட் 1974-ல் திருவொற்றியூரில் பிறந்தது. அங்கிருந்து நாயுடுபேட்டைக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். அப்பா ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-ல் தொடங்கியதுதான் என்ஃபீல்டு இந்தியா. தாய்க் கம்பெனி 1970-ல் வண்டி உற்பத்தியை நிறுத்திவிட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா போன பிறகு பதினொரு வருஷம் தாழ்வாரத்தில் கோணி போர்த்திக் கிடந்த வண்டியைப் போன வருஷம் முழுக்கப் பிரித்துக் கட்டினேன். சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் மனசுக்குப் பிடித்த பைப் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் குரோம் போட்ட புது பெண்ட் பைப் அகப்பட்டது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கி சைலன்சரில் சேருகிற குழாய்தான் பெண்ட் பைப். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. துருப்பிடித்த பழைய பைப்பை எடைக்குப் போட இருந்தேன். அம்மாதான், "அப்பா ஓட்டின வண்டியில இருந்தது, இருக்கட்டும்" என்று பரணில் ஏற்றிவைத்தாள்.

புதுப் பைப்பை மாட்டி உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட். அக்கம்பக்கத்தார் வந்து நின்று சத்தத்தைக் கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருபது நிமிஷம் வாசலிலேயே ஓடவிட்டேன். அணைத்துவிட்டுக் குனிந்தால், ஹெட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பைப் நீலம் பாரித்திருந்தது, விஷம் ஏறிய கால் மாதிரி.

மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொட்டுவரும் பெரியவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பைப்பைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. "பைப்பைத் திட்டாத தம்பி. அது நெருப்பைக் குடிச்சிருக்கு. யார் ஊட்டினதுன்னு பாரு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு முழுப் பாடமே இருந்தது. குரோம் முலாம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. அளவுக்கு மீறிச் சூடேறினால் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய ஆக்சைடு படலமாகிறது. மழை ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதுவும் ஒரே சங்கதி. படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க வைக்கோல் மஞ்சள், பிறகு கருஞ்சிவப்பு, பிறகு நீலம். உளிக்குப் பதம் பார்க்கும் கொல்லர் இந்த வரிசையை நம்பித்தான் தொழில் செய்கிறார். அவருடைய உருக்கில் மஞ்சள் 220 டிகிரி வாக்கில் தோன்றும், நீலம் 300 டிகிரி வாக்கில். குரோம் அதைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும். அதுவே நீலமானால் உள்ளே நடந்தது சின்ன விஷயமல்ல.

பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே ஸ்பிரிங்கோடு இரண்டு சின்ன எடைக்கட்டிகள் உண்டு. உதைக்கும்போது பொறி சற்றுத் தாமதமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். எஞ்சின் வேகம் பிடித்ததும் இந்தக் கட்டிகள் விரிந்து பொறியை முன்கூட்டியே விழவைக்கும். என் வண்டியில் பதினொரு வருஷக் கிரீஸ் கோந்தாக இறுகி, கட்டிகள் அசையவே இல்லை. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதே அதனால்தான். பொறி எப்போதும் தாமதம்; எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது; சிலிண்டருக்குள் வேலை செய்ய வேண்டிய நெருப்பு பைப்புக்குள் பாய்கிறது. நின்ற இடத்தில் ஓடியதால் குளிர்விக்கக் காற்றும் இல்லை.

கட்டிகளை மண்ணெண்ணெயில் கழுவி, பொறியைத் தூண்டும் பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்த்து, பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைத்தோம். அடுத்து கார்புரேட்டர். காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்தாலும் சூடு ஏறும். கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிந்தாலும் அதே கதி. எஞ்சின் ஓடும்போது அங்கே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு இருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் பழைய அளவு இதற்குப் பற்றாது. எனக்கு மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்க வேண்டி வந்தது. நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திக் கழற்றிய பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தபோதுதான் பெரியவர் தலையாட்டினார்.

பைப்பின் உட்புறம் பூசும் சூடு தாங்கும் பெயின்ட் விற்கிறார்கள். கொஞ்சம் உதவும், டைமிங் கோளாறை அது மறைக்காது. பைப்பின் மேல் நார்ப் பட்டி சுற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று எங்கள் ஊர்ப்பக்கம் வரை வரும். பட்டிக்குள் ஈரம் தங்கினால் பைப் சத்தமில்லாமல் துருவேறிவிடும். நீலத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம், மெல்ல. வேகமாகத் தேய்த்தால் நீலத்தோடு குரோமும் போய்விடும். புதுப் பைப்பில் பட்ட கைரேகையின் எண்ணெய்கூட முதல் சூட்டில் வெந்து கறையாக நின்றுவிடும். தின்னரால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு வேறு பைப் வாங்கினேன். அதை மாட்டுமுன் பரணிலிருந்த அப்பாவின் பைப்பை இறக்கி மாட்டி, ஒரு மாதம் காளஹஸ்தி வரை போய்வந்து, பிளக்கைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். இப்போது புதுப் பைப்பில் ஹெட்டை ஒட்டி இரண்டு விரல்கடைக்கு மட்டும் வெளிர் மஞ்சள். ஒற்றைச் சுவர்ப் பைப்பில் அவ்வளவு வந்தே தீரும், அது குறையில்லை.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துருப்பிடித்த பைப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாகும்வரை அதையே மாட்டி ஓட்டுங்கள். புதுப் பைப்பைக் கடைசியில் மாட்டுங்கள்.