வெள்ளிக் காசும் சாய்ந்த ஒளியும்

பழைய வெள்ளிக் காசைப் படம் எடுக்குமுன் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் உண்டு. அது கூடாது. காசின் கருமை, வெள்ளி கந்தகத்தோடு கூடி உண்டாகும் சல்பைடு. அதைத் தேய்த்தால் வெள்ளியும் சிறிது கழியும். மெல்லிய கோடுகளும் உடன் போகும்.

மௌரியர் கால முத்திரைக் காசையே எடுத்துக்கொள்வோம். சுமார் 3.4 கிராம் எடையுள்ள இவ்வெள்ளித் துண்டின் ஒரு பக்கத்தில் கதிரவன் முதலிய ஐந்து சின்னங்கள் தனித்தனி முத்திரைகளால் குத்தப்பட்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில், முந்தியது எது, பிந்தியது எது என்பதை அவற்றின் விளிம்புகளே காட்டும். தேய்ந்த காசில் அதை அறிய வழியில்லை.

இவ்விளிம்புகளைப் படத்தில் கொணர்வது எங்ஙனம்? ஒளி மேலிருந்து நேராக விழுந்தால் வெள்ளி கண்ணாடிபோல் மின்னிச் சின்னங்களை மறைத்துவிடும். ஆகவே நான் கேமராவைக் காசுக்கு நேர்மேலே அசையாமல் பொருத்தி, ஒரே விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ வைக்கிறேன். அப்போது சிறு பள்ளமும் நிழல் காட்டும். எதிர்ப்புறம் நிறுத்திய வெள்ளைத்தாள் நிழலின் கடுமையைத் தணிக்கும். ஒளியின் போக்கிலேயே செல்லும் கோட்டுக்கு நிழல் விழாது; எனவே நான்கு திசைகளிலிருந்தும் நான்கு படங்கள் வேண்டும். கீழ்ப்புறத்து ஒளியில் பள்ளம் மேடாகத் தோன்றுமாதலால், ஒளி வந்த திசையைப் படத்தின் ஓரத்தில் குறிப்பது நலம்.

படம் சரியில்லையெனில் மறுபடி எடுக்கலாம். தேய்த்த காசுக்கு அவ்வாய்ப்பு இல்லை.