நிழல் விழும் மாடிக்கு மைக்ரோ இன்வெர்ட்டர்

மொட்டை மாடியில் சோலார் போட விலை கேட்டால், சில நிறுவனங்கள் இப்போது இரண்டு விலை சொல்கின்றன. வழக்கமான இன்வெர்ட்டருக்கு ஒன்று, மைக்ரோ இன்வெர்ட்டருக்கு இன்னொன்று. பின்னது கணிசமாகக் கூடுதல். அந்தப் பணம் எதற்கு?

பேனல் தருவது டிசி மின்சாரம்; வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏசி. வழக்கமான முறையில் பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்து, சுவரில் மாட்டிய ஒரே இன்வெர்ட்டருக்குக் கொண்டுவருவார்கள். மைக்ரோ இன்வெர்ட்டர் என்பது பேனலின் அடியிலேயே பொருத்தப்படும் சிறு பெட்டி. 40 வோல்ட் அளவிலான டிசி அங்கேயே ஏசியாக மாறிவிடும். உயர் வோல்ட் டிசி கம்பி மாடியிலிருந்து இறங்குவதில்லை. அமெரிக்காவின் என்பேஸ் நிறுவனம் 2008-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே வீடுகளில் பரவியது.

இதன் பெரிய பலம் நிழலில்தான். தொடரில் கோத்த பேனல்கள் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றின்மேல் விழுந்தாலும் மற்றவை பாதிக்கப்படும். "மொத்தமும் படுத்துவிடும்" என்று விற்பவர் சொன்னால் அது மிகை. பேனலுக்குள் வழக்கமாக மூன்று பைபாஸ் டையோடுகள் உண்டு. நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்து மின்னோட்டம் சுற்றிப் போய்விடும். ஆனால் நான்கே பேனல் உள்ள 2 கிலோவாட் அமைப்பில் கதை வேறு. ஒரு பேனல் ஒதுங்கினாலே வோல்ட்டில் கால்பங்கு போய்விடும். இன்வெர்ட்டர் இயங்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறங்கினால் அது நின்றே போகும். சின்ன வீடுகளுக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் பொருந்துவது இதனால்தான். கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு என்று பிரித்து வைக்கலாம். பிறகு ஒரு பேனல் சேர்ப்பதும் எளிது.

குறை என்றால் வெப்பம். நம் ஊர்க் கோடையில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதனடியில் மின்னணுப் பெட்டி ஆண்டுக்கணக்கில் வேக வேண்டும். பழுதானால் ஒரு பேனலின் மின்சாரம் மட்டுமே போகும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்ய பேனலைக் கழற்றியாக வேண்டும். உத்தரவாதத்தில் அந்தக் கூலியும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மின்வெட்டில் இது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பேட்டரி ஏற்பாடு இல்லாவிட்டால் பொதுவாகக் கைகொடுக்காது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக, மின்வாரிய மின்சாரம் நின்றதும் இரண்டு வகையுமே வழக்கமாகத் தானாக நின்றுவிடும். மானியத்தை நம்பியும் வாங்க வேண்டாம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் மானியம் கிலோவாட் கணக்கில்தான், உச்சம் 78,000 ரூபாய். விலை கூடிய இன்வெர்ட்டர் என்பதற்காக அது அதிகமாகாது.

கையெழுத்துப் போடும் முன் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கு வீட்டின் நிழல் அப்போது நீளும். பேனல் ஸ்டாண்டை உயர்த்தினால் தப்பிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் மைக்ரோ இன்வெர்ட்டர் வாங்கலாம். நிழலே இல்லாத மாடிக்கு அது வீண்செலவு. அந்தப் பணத்தில் இன்னொரு பேனல் போடுங்கள்.