பிறப்புறுப்பு ஹெர்பீசும் இணையர் உறவும்

பிறப்புறுப்பு ஹெர்பீஸ் என்பது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரசினால் ஏற்படும் பால்வினை நோய் ஆகும். இவ்வைரசில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றிக் கொப்புளங்களை உண்டாக்கும். வாய்வழிப் பாலுறவினால் பிறப்புறுப்பையும் தொற்றும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பையே தாக்கும். தமிழில் அக்கி என வழங்கப்படுவது சின்னம்மை வைரசினால் வரும் வேறொரு நோய் ஆகும்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020 ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேர் (13 விழுக்காடு) இரண்டாம் வகைத் தொற்றைக் கொண்டிருந்தனர். தொற்றுடையோரில் பெரும்பாலோர் அதனை அறிவதில்லை.

தொற்று எப்போது ஏற்பட்டது?

திருமணம் அல்லது நீண்டகால உறவில் உள்ள ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்படும்போது, தம் இணை பிறரோடு உறவு கொண்டாரோ என்னும் ஐயம் முதலில் எழுவது இயல்பு. ஆனால் நோய் கண்டறியப்பட்டது மட்டும் அதற்குச் சான்று ஆகாது.

தோல் அல்லது சளிச்சவ்வு வழியே நுழையும் வைரசு, முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பணுத்திரள்களை அடைந்து அங்கேயே உறங்கு நிலையில் தங்கிவிடுகிறது. அறிகுறிகள் தோன்றினால் அவை வழக்கமாக 2 முதல் 12 நாட்களுக்குள் தோன்றும். எனினும் பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. சிலர் அதனைச் சிராய்ப்பு அல்லது பூச்சிக்கடி எனக் கருதிவிடுகின்றனர். ஆகவே ஒருவர் முதன்முதலாக உணரும் கொப்புளம், பல ஆண்டுகளுக்கு முன் பெற்ற தொற்றின் வெளிப்பாடாகவும் இருக்கலாம்.

குருதிச் சோதனை பிறபொருளெதிரிகளையும் வைரசின் வகையையும் காட்டும். தொற்று யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டாது. பிறபொருளெதிரிகள் உருவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். புண்ணில் வைரசு காணப்பட்டு, குருதியில் பிறபொருளெதிரி இல்லையெனில் தொற்று அண்மையது எனக் கருதலாம். அப்போதும், அதனைத் தந்த இணை தாம் அறியாமலேயே பல்லாண்டுகளாக வைரசைக் கொண்டிருந்திருக்கக்கூடும்.

இணையிடம் தெரிவித்தல்

புண் இல்லாத நாட்களிலும் வைரசு தோலில் வெளிப்பட்டுப் பரவக்கூடும் என்பதால் இணைக்குத் தெரிவிப்பது இன்றியமையாதது. பதற்றம் தணிந்த நேரத்தில், குற்றம் சாட்டாமல், நோயின் தன்மையை எடுத்துரைப்பது நன்று. இருவரும் சேர்ந்து மருத்துவரைக் காண்பது ஐயங்களைத் தெளிவிக்க உதவும். இணைக்கும் அதே வகைத் தொற்று ஏற்கனவே இருப்பது சோதனையில் தெரியவரலாம். அந்நிலையில் ஒருவருக்கொருவர் மீண்டும் தொற்றுவது அரிது.

பரவலைக் குறைத்தல்

புண் உள்ளபோதும், அதற்கு முன் தோன்றும் கூச்சம், எரிச்சல் ஆகியவை உள்ளபோதும் பாலுறவைத் தவிர்க்க வேண்டும். ஆணுறை பரவலைக் குறைக்கும். அது மூடாத தோற்பகுதிகள் வழியே வைரசு பரவக்கூடுமாதலால் முற்றாகத் தடுக்காது. ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருந்த 1,484 இணையரிடம் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வில், தொற்றுடையவர் நாள்தோறும் 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர் உட்கொண்டதால் பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கழிப்பறை இருக்கை, நீச்சற்குளம் ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை.

கருவுற்ற காலம்

கருவுற்ற பெண் தம் தொற்றை மருத்துவரிடம் மறைக்கலாகாது. பேறுகாலத்தை ஒட்டிப் புதிதாகத் தொற்று ஏற்பட்டால் குழந்தைக்குப் பரவும் இடர் மிகுதி. முன்னரே தொற்று இருந்தால் அவ்விடர் மிகக் குறைவு. பேறுவலி தொடங்கும்போது புண் இருந்தால் அறுவை மூலம் பிள்ளைப்பேறு பரிந்துரைக்கப்படுகிறது.

மருத்துவம்

வைரசை உடலிலிருந்து முற்றாக நீக்கும் மருந்தோ, தடுப்பூசியோ இதுவரை பயன்பாட்டிற்கு வரவில்லை. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், பாம்சைக்ளோவிர் ஆகிய மருந்துகள் புண் ஆறும் காலத்தையும், மீண்டும் தோன்றும் தடவைகளையும் குறைக்கின்றன. அசைக்ளோவிர் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஆவார்.

முதற்புண்ணே பெரும்பாலும் கடுமையானது. பின்னர் வருபவை இலேசானவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குறைந்துவிடுகின்றன. நோய் தெரியவந்த முதல் மாதங்களில் அச்சமும் வெட்கமும் மிகுந்திருப்பது பொதுவானது. தொற்றுடையோர் இல்லற வாழ்வு நடத்தவும், குழந்தை பெறவும் இந்நோய் தடையன்று.