குரக்கை வலி

நள்ளிரவில் ஆழ்ந்து உறங்குபவனின் கெண்டைக்கால் திடீரெனக் கல்லெனத் திரண்டு இறுக, அவன் அலறி எழுகின்றான். சில வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ தசை இளகிவிடும். நோவோ மறுநாள் வரையும் நின்று வருத்துவதுண்டு. குரக்கை வலியென்றும் கெண்டை புரட்டலென்றும் தமிழர் வழங்கும் இது, 50 வயதைக் கடந்தோரிடத்தும் கருவுற்ற மாதரிடத்தும் மிகுதியாகக் காணப்படுவது.

குருதியோட்டம் குன்றுதலே காரணமெனப் பலர் கருதுவர். அது முழுதும் பொருந்தாது. தசையை இயக்கும் நரம்பு, மனத்தின் ஏவலின்றியே மிக விரைவாகத் துடித்துத் தசையைச் சுருக்குவதால் இவ்வலி தோன்றுகின்றதென்பது இன்றைய உடலியலாருட் பெரும்பாலோர் கொள்கை. இரவில் இது நிகழ்வதேன்? படுக்கையிற் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க, கெண்டைத் தசை முன்னரே குறுகிக் கிடக்கின்றது. குறுகிக் கிடப்பது மேலுஞ் சுருங்குமாயின் எளிதிற் பிடித்துக்கொள்ளும் என்பர். பகல் முழுதும் நின்று பணிபுரிதல் (ஆசிரியர்க்கு இது புதிதன்று), சிறுநீரக நோய், ஈரல் நோய், சிறுநீர் பெருக்கும் மருந்துகள் ஆகியனவும் ஏதுவாகலாம்.

இதனை உணர்ந்தார்க்குப் பரிகாரம் எளிது. வலி கண்டவுடன் முழங்காலை நீட்டிப் பாதத்தின் முன்பகுதியைத் தன்னை நோக்கி மடக்கல் வேண்டும். எழுந்து குதிக்காலை நிலத்தில் ஊன்றி நிற்பினும் தசை நீளும். படுக்குமுன் சுவரிற் கையூன்றி, குதிக்கால் நிலத்திற் பதிய முன்னே சாய்ந்து கெண்டையை நீட்டுதலும் நன்று. 55 வயதுக்கு மேற்பட்டோரிடம் நெதர்லாந்திற் செய்யப்பெற்று 2012இல் வெளிவந்த சோதனையொன்றில், ஆறு வாரப் பயிற்சியால் வலி வருந் தடவைகள் குறைந்தன.

மருந்துகளுள் கொயினாவின் வரலாறு தனித்தது. சிங்கோனா மரப்பட்டையினின்றும் பெறப்படும் இக்கசப்பு மருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு உரியது. அம்மரத்தைப் பயிரிடவே 1861இல் இலங்கையில் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பெற்றது. பின்னர், 1940 அளவில், குரக்கை வலிக்கும் இதனை வழங்கலாயினர். வலியை ஓரளவு குறைக்குமென்பது உண்மையே. ஆயினும் சிலரிடத்து இது குருதிச் சிறுதட்டுக்களை அழித்தும் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தும் உயிருக்கே இறுதி பயக்கும். அதனாலேயே வைத்தியர் சீட்டின்றி இவ்வலிக்காக இதனை விற்றலை அமெரிக்க அரசு 1994இல் தடுத்தது. தானே நீங்கும் நோவுக்காக உயிரைப் பணயம் வைத்தல் எங்ஙனந் தகும்? இந்நாளில் மிகுதியாக விற்கப்படும் மக்னீசியமோ தீங்கு குறைந்தது. எனினும் முதியோர்க்கு அதனாற் குறிப்பிடத்தக்க பயன் விளைந்ததாகச் சோதனைகள் காட்டவில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறி நோவு நீங்காது நிற்பின், அது குரக்கையன்று; நாளத்திற் குருதி உறைந்ததாகலாம். அன்றே வைத்தியரை நாடல் வேண்டும்.