வீடும் விதியும்

பனியன் தொழிலால் பெருகிய திருப்பூரில் தொழிலாளர் வசிக்கும் வீடுகள் மாடி மேல் மாடியாய் எழுகின்றன. அவற்றைப் பார்வையிடுவோரிற் பலர் வர்ணப்பூச்சையும் தண்ணீர்க் குழாயையும் கண்டு திருப்தியடைகின்றனர். இது போதுமா?

2019-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலையில், அண்டை ஜில்லாவான கோயமுத்தூரில், மேட்டுப்பாளையத்தையடுத்த நடூரில், மழையில் நனைந்த மதிற்சுவரொன்று ஓட்டு வீடுகளின்மேல் வீழ்ந்து 17 உயிர்களை மாய்த்தது. மாண்டோர் ஏழைகள்; சுவரோ அவர்களுடையதன்று. உயரத்திற்கேற்ற கனமும் அஸ்திவாரமும் உண்டா, நீர் வடிய வழியுண்டா என்று சோதிக்கும் அறிவு எத்துணை அவசியமென்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

விதிகள் நம்மிடம் இல்லாமலில்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 1970-லேயே வெளிவந்தது. தமிழ்நாட்டுக்கென ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் 2019-ல் பிறந்தன. தூணின் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு வேண்டுமென்பது இந்தியத் தரவிதி. அது குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருவேறும்; துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். விதியறிந்தவர் விரிசலைக் கண்டதும் நோயை உணர்வார். அறியாதவர் அதன்மேல் சுண்ணாம்பு பூசச் சொல்வார்.

ஆதலால், வீட்டைப் பரிசோதிப்போர் விதிகளைக் கற்றிருத்தல் வேண்டும். அவை தெளிந்த தமிழில் ஒவ்வொரு தொழிற்சங்கத்திலும் கிடைத்தல் வேண்டும். வாடகை கொடுப்பவன் உயிரையும் கொடுக்க வேண்டுமென்பது எந்த விதி?