குழந்தையை ஒப்படைக்கும் முன்

பள்ளிக்கூடம் போக மறுக்கும் பையனையோ, திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்ட பெண்ணையோ அழைத்து வரும் பெற்றோரில் பலர், தாயத்துக் கட்டியாயிற்று, மந்திரித்தாயிற்று, டியூஷன் மாற்றியாயிற்று என்று வரிசையாகச் சொல்லி முடித்து, குழந்தையை மாத்திரம் உள்ளே அனுப்பிவிட்டுத் தாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது, குழந்தை மனநலத் துறையில் ஆயுளைக் கழித்த சிகிச்சையாளர்கள் நன்கறிந்த காட்சி. அனுபவஸ்தரோ தரையில் பாயை விரித்து, பொம்மைகளைப் பரப்பி, அப்பா பொம்மை எந்த மூலைக்குப் போகிறது என்பதை அவசரமின்றிப் பார்த்திருந்துவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களையும் உள்ளே கூப்பிடுவார். குடும்பத்தைத் தொடாத வைத்தியம் பெரும்பாலும் பாதியில் நின்றுபோகும். (ஒரேயொரு பொம்மையைக் கொண்டு தீர்ப்புச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நலம்.)

வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு ‘கவுன்சலிங்’ நடத்துவோரும் உள்ளனராதலால், முதலில் பதிவெண்ணைக் கேட்க வேண்டும். மருத்துவ உளவியலாளர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்திலும், மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேட்பதை அவமரியாதையாகக் கருதுபவரிடம் குழந்தையை விடாதிருப்பதே உத்தமம்.

குழந்தை சொன்னதை வரிக்கு வரி ஒப்பிக்குமாறு பெற்றோர் வற்புறுத்துவது சகஜம். சிகிச்சைக்கு அவசியமானதைச் சொல்லி மற்றதைக் காப்பதே தொழில் தர்மம். ஆயினும் பாலியல் வன்கொடுமை நடந்ததென்று தெரிந்தால் அந்த இரகசியத்துக்கு இடமில்லை: 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சிகிச்சையாளர் உட்பட எவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டுமென விதித்து, தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு வழி வைத்திருக்கிறது. ‘குடும்ப மானம்’ என்று சொல்லி இதை அமுக்கச் சொல்லும் உறவினருக்கும் இந்தக் கடமை உண்டு.

மருத்துவமனையில் சேர்க்கும்படி நேர்ந்தாலோ, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மிகவும் கண்டிப்பானது. பதினெட்டு வயது நிறையாதவரைச் சேர்ப்பதற்கு, இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல நிபுணரோ மருத்துவரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்திய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லையென்று தனித்தனியே முடிவு செய்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கலாகாது. காப்பாளரோ உதவியாளரோ தங்கியிருத்தல் வேண்டும். சேர்த்ததை மனநல மறுபரிசீலனை வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். காப்பாளரின் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இன்றி மின்னதிர்ச்சி கொடுப்பதும், எந்த வடிவிலாயினும் சங்கிலியால் கட்டுவதும் குற்றம். ‘டிஸ்சார்ஜ் ஆகட்டும், பார்க்கலாம்’ என்று பெற்றோர் மௌனமாயிருக்கும் நாட்களில்தான் இவ்விதிகள் பெரும்பாலும் மீறப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

அவசரத்துக்கு, இரவானாலும் பகலானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குழந்தை ஆபத்திலிருந்தால் 1098. சிகிச்சையிலே குறை கண்டால், பொறுப்பு மருத்துவரிடம் முதலில் எழுத்துமூலம் முறையிட்டு அதன் நகலைப் பத்திரப்படுத்தி, திருப்தியில்லையெனில் மறுபரிசீலனை வாரியத்துக்கும், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையத்துக்கும் செல்லலாம். இதற்கு இலவசச் சட்ட உதவி கோரவும் அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது.